நண்பர் வீட்டு வாசலில் ஆர்வியை நிறுத்தும்போது

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓய்வுக்குப் பிறகு ஆர்வியில், அதாவது படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியில், சுற்றுகிறவர்கள், பல வருடம் பார்க்காத நண்பரைப் பார்க்க அவர் வீட்டில் அறை கேட்க வேண்டியதில்லை. வாசலில் இடம் இருந்தால் போதும். அந்த வாசல் இன்னொன்றுக்கும் உதவும்: இரண்டு பேர் இருந்தால்தான் பத்திரமாக முடிகிற சில்லறைப் பழுதுகளை அங்கே பார்த்துவிடலாம். எதை வழியிலேயே முடிப்பது, எதை அங்கே வைத்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்வதுதான் முக்கியம்.

முதல் அழைப்பிலேயே வரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாள் தெரிந்தால்தான் அவர் வீட்டாருக்கும் நிம்மதி. இரண்டு இரவு சரியான அளவு. அடுத்து வண்டியின் நீளத்தையும், கூரை ஏசியோடு சேர்த்த உயரத்தையும் சொல்லி, தாழ்ந்த மின்கம்பியோ மரக்கிளையோ உண்டா, வாசல் எந்தப் பக்கம் சரிகிறது என்று கேளுங்கள். தெருவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. குடியிருப்போர் சங்கம் உள்ள பகுதியாக இருந்தால் ஆர்வியை இரவில் நிறுத்த அனுமதி உண்டா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் தடை உண்டு.

கழிவுநீர் வேலை எதுவும் நண்பர் வீட்டில் வேண்டாம். முந்தைய நிறுத்தத்திலேயே கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில் காலி செய்து, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். காலியான கறுப்புத் தொட்டியில் 10 முதல் 15 லிட்டர் தண்ணீரும் தொட்டி மருந்தும் ஊற்றி வையுங்கள். தரை காய்ந்த தொட்டியில் கழிவு ஒரே இடத்தில் குவிந்து இறுகிவிடும், அப்புறம் வராது. கழிப்பறைக் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீர் மெல்ல இறங்கி நாற்றம் வந்தால், பெரும்பாலும் அடி ரப்பர் வளையத்தில் அழுக்கு படிந்திருக்கும். சுற்றிலும் துணியால் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லின் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். துடைத்தும் நிற்காவிட்டால் வளையத்தை மாற்றத்தான் வேண்டும்.

அதிகம் தகராறு வருவது மின்சாரத்தில். வீட்டு வெளிச்சுவர் சாக்கெட் பெரும்பாலும் 120 வோல்ட், 15 ஆம்ப். கணக்குக்கு 1,800 வாட் வந்தாலும், தொடர்ந்து எடுக்க 80 சதவீதம், அதாவது 1,440 வாட்தான் பாதுகாப்பு. வாட்டர் ஹீட்டரில் தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு இழுக்கும், மைக்ரோவேவும் அப்படியே. ஆகவே ஃப்ரிட்ஜையும் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றிவிட்டு, சாக்கெட்டை பேட்டரி சார்ஜருக்கும் விளக்குக்கும் விடுங்கள். கூரை ஏசியை இதில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. நீட்டிப்புக் கம்பி 12 கேஜ் தடிமனைவிட மெலியக் கூடாது, 50 அடியைத் தாண்டக் கூடாது, முழுதாக விரித்திருக்க வேண்டும். சுருட்டியபடி விட்டால் சூடேறி உருகும். அரை மணி கழித்து இரண்டு முனையிலும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் சுமையைக் குறையுங்கள்.

சொருகியதுமே ரீசெட் பொத்தான் உள்ள சாக்கெட் துண்டித்துக்கொண்டால், எங்கோ மின்சாரம் கசிகிறது. வண்டியின் பிரேக்கர்களை எல்லாம் அணைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது சாக்கெட் துண்டிக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஹீட்டரின் கம்பியில்தான் அடிக்கடி வரும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அந்தச் சுவிட்சைப் போட்டால் கம்பி நிமிடத்துக்குள் கருகிவிடும்.

தண்ணீர் எடுக்கும்போது அழுத்தக் குறைப்பானை வீட்டுக் குழாயின் பக்கமே மாட்டுங்கள். வண்டிக்கு வரும் ஹோஸும் சேர்ந்து தப்பிக்கும். 40 முதல் 50 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். வீட்டுத் தண்ணீர் இணைப்பு இல்லாத நேரத்தில், எந்தக் குழாயும் திறக்காமல் பம்ப் அவ்வப்போது உறுமினால் எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் திரும்பா வால்வு தேய்ந்திருக்கிறது. இணைப்புகளைச் சுற்றி காகிதத் துண்டு கட்டிவையுங்கள். ஈரமானால் இடம் தெரிந்துவிடும்.

நண்பருக்காக எடுத்துவைக்க வேண்டிய வேலை கூரைச் சீலன்ட், அதாவது கூரை வெடிப்புகளை அடைக்கும் பசை. ஏணியைப் பிடிக்க ஒருவர் இல்லாமல் கூரையில் ஏறாதீர்கள், அதுவும் நம் வயதில். வெயில் உள்ள, 10 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உலர்ந்த நாளாகப் பாருங்கள். காற்றுப் போக்கியான வென்ட்டின் விளிம்பிலும் ஆணித் தலைகளிலும் வெடிப்பைத் தேடுங்கள். பிய்ந்து நிற்பதை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஒட்டியிருப்பதைத் தோண்டினால் கூரையின் ரப்பர் விரிப்பு கிழியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும், தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் லேப் சீலன்ட்டை ஊற்றுங்கள். ஒரு வென்ட்டுக்கு ஒரு டியூப் வாங்கினால் குறை வராது. பக்கச் சுவருக்கு இது ஆகாது, வழிந்துவிடும். அங்கே வழியாத ரகம். வீட்டு சிலிக்கோனை மட்டும் தொடாதீர்கள்: ரப்பரில் பிடிக்காது, அதன் மேல் பின்னால் வேறெதுவும் ஒட்டாது. மேல்தோல் சில மணியில் இறுகும், உள்ளே முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகலாம்.

பேட்டரியை இங்கேயே அளந்துவிடலாம். சார்ஜரைக் கழற்றி, சுமையில்லாமல் சில மணி விட்டு அளந்தால் ஈய-அமில பேட்டரியில் 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.1 என்பது பாதி. பாதிக்குக் கீழ் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். வாலை வடிகட்டிய தண்ணீரை சார்ஜ் ஏற்றிய பிறகே நிரப்புங்கள். முன்னால் நிரப்பினால் சார்ஜாகும்போது பொங்கி வழியும். தட்டுகள் வெளியே தெரிந்தால் மட்டும் அவை மூழ்கும் அளவு முதலில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் காலை மின்சாரம் இழுப்பவற்றை எல்லாம் அணைத்துவிட்டுப் பிளக்கை உருவுங்கள், தார்த் தரையில் வண்டியின் ஜாக் அடியில் வைத்த பலகைகளை எண்ணி எடுங்கள். கேரேஜ் ஃப்ரீசர் ஓடுகிறதா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது வெளிச் சாக்கெட்டோடு ஒரே இணைப்பில்தான் இருக்கும்.