'யெஸ்' பட்டன் வேலை செய்யலையா? வீட்டுக் கம்ப்யூட்டரில் அட்மின் உரிமையை மீட்கும் வழி

பிரின்டர் டிரைவர் போடலாம் என்று கிளிக் செய்தால் திரை மங்கி, அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அதில் 'நோ' மட்டும் வேலை செய்யும். 'யெஸ்' சாம்பல் பூத்துக் கிடக்கும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "ஃபார்மேட் போட்டுரலாமுங்க" என்பார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு, யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி நிற்கிறது என்ற கணக்கு முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில்தான். ஃபார்மேட் கடைசி வழி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் பேக்கப்

உங்கள் சொந்தக் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுக்க அட்மின் உரிமை (புதிய மென்பொருள் போடவும் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றவும் தேவையான முழு அதிகாரம்) தேவையில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோக்கள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் ஃபோல்டரைத் தேடி அலைய வேண்டாம். டேலிக்குள் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'பேக்கப்' இருக்கும்.

பிறகு அந்தப் பெட்டியைப் படியுங்கள்

பதற்றத்தில் பலரும் இதைப் பார்க்காமலே மூடிவிடுகிறார்கள். பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பெட்டியில் ஏதோ ஒரு பெயரும் பாஸ்வேர்டு கேட்கும் கட்டமும் இருந்தால், அட்மின் கணக்கு தொலையவில்லை. அந்தப் பெயரில் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது முதலில் உருவாக்கும் கணக்குதான் அட்மின் ஆகும். அசெம்பிள் செய்த கடைக்காரர் 'யூசர்', 'ஓனர்' என்று ஏதாவது பெயர் வைத்துவிட்டு, உங்களுக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு கொடுத்திருப்பார். கூச்சப்படாமல் போன் போட்டு அந்தப் பாஸ்வேர்டைக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி உங்களிடம்தானே இருக்க வேண்டும்?

அந்தப் பெயர் உங்களுடையதுதான், பாஸ்வேர்டுதான் மறந்துபோனது என்றால் இரண்டு வகை. ஈமெயில் முகவரி கொடுத்து நுழையும் மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால், போனிலிருந்தே அவர்கள் தளத்துக்குப் போய்ப் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். அதன்பின் கம்ப்யூட்டரில் நுழையும்போது இன்டர்நெட் கட்டாயம். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் இருப்பவர்கள், சிக்னல் கிடைக்கும் மூலையில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, லாகின் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள வைஃபை குறியில் இணைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும் லோக்கல் கணக்காக இருந்தால், ஒருமுறை தவறான பாஸ்வேர்டு போட்டதும் 'ரீசெட் பாஸ்வேர்டு' என்ற வரி வரும். கணக்கு தொடங்கியபோது பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருந்தால் மட்டுமே இது உதவும்.

பெயரும் இல்லை, கட்டமும் இல்லை, 'யெஸ்' மட்டும் சாம்பல் என்றால், இயங்கும் அட்மின் கணக்கு ஒன்றுகூட இல்லை என்று பொருள்.

அப்படியானால் சேஃப் மோடு

விண்டோஸுக்குள் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரிலேயே ஒரு கணக்கு பிறவியிலேயே உண்டு. பொதுவாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வேறு அட்மின் யாருமே இல்லாதபோது சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில், அது தலைகாட்ட வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் (விண்டோஸின் பிட்லாக்கர் வசதி டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால்), உள்ளே போகும் வழியில் அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று போனில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', மறுபடி 'ரீஸ்டார்ட்'. பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' தெரிந்தால் உள்ளே போங்கள். யாரும் மாற்றியிருக்காவிட்டால் அதற்குப் பாஸ்வேர்டு இருக்காது. கன்ட்ரோல் பேனலில் 'யூசர் அக்கவுன்ட்ஸ்', 'மேனேஜ் அனதர் அக்கவுன்ட்' என்று போய், உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, வகையை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது.

யூடியூபில் சிஸ்டம் ஃபைலின் பெயரை மாற்றி உள்ளே நுழையும் குறுக்குவழி ஒன்று சுற்றுகிறது. என்கிரிப்ட் ஆன டிஸ்க்கில் கீ இல்லாமல் அது நடக்காது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரும் அதை வைரஸ் வேலையாகவே பார்க்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதுவும் நடக்கவில்லை என்றால்

நீலத் திரையில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் அதுவும் அட்மின் கணக்கைக் கேட்டு, இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிடலாம். மிஞ்சுவது 'ரிமூவ் எவ்ரிதிங்'தான். பேக்கப்பைப் பென் டிரைவில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அதை அழுத்துங்கள். அதே கம்ப்யூட்டரில் அதே எடிஷன் போடும்போது, முறையான லைசென்ஸ் இருந்தால் இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். புதிதாக வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் 11-க்கே போய்விடலாம்.

அட்மின் உரிமை திரும்பிய அன்றே 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' வழியாக இரண்டாவதாக ஒரு லோக்கல் அட்மின் கணக்கு தொடங்கி, ஒருமுறை அதில் லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் பில்லின் பின்பக்கம் எழுதி பீரோவில் வையுங்கள்.