பிறந்த முதல் ஒரு மணி நேரம்: பிரசவ அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவமனைகளில் நிகழ்ந்துள்ளன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 41.8 சதவீதமே. இதற்குத் தாய்க்குப் பால் ஊறவில்லை என்று காரணம் சொல்வது நம் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தை நாமே துண்டு துண்டாக்கிவிடுகிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை.

நன்றாக அழுது பிறந்த குழந்தையை எடை பார்த்து, துணியில் சுற்றி, வாசலில் நிற்கும் உறவினர்களிடம் காட்டிவிட்டுக் கடைசியாகத் தாயிடம் தருவதே முதல் தவறு. ஈரம் போகத் துடைத்ததும் தாயின் வெற்று மார்பில் குப்புறக் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டால், தாயின் உடற்சூடே குழந்தையைக் காக்கும். சற்று நேரம் அசையாமல் கிடக்கும் குழந்தை பிறகு கையை நக்கும், வாயைத் திறக்கும், காலால் உந்தி மெல்ல மார்பை நோக்கி நகரும். அந்த நேரம் பார்த்து எடை போடத் தூக்கினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான். எடையும் ஊசியும் காத்திருக்கலாம். குளியலையோ 24 மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிசேரியன் என்றால் இது நடக்காது என்று விட்டுவிடுவதும் தவறு. முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால் தாய் விழித்தே இருப்பார். அதேசமயம், அசதியில் கண் செருகும் தாயின்மேல் குழந்தையைக் கிடத்திவிட்டு ஆளில்லாமல் போவது ஆபத்து. கழுத்து மடங்காமலும் மூக்கு அழுந்தாமலும் இருக்கிறதா என்று ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

சேனை என்று நாக்கில் தொட்டு வைக்கும் தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் ஆகியவற்றை நம் பாட்டிமார் அன்போடுதான் தருகிறார்கள். ஆனால் முதல் நாள் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே, அதாவது தாய்க்கு முதலில் சுரக்கும் பாலே, போதும்; ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மருத்துவக் காரணமின்றிப் பால்மாவைப் பரிந்துரைப்பதும் இதே தவறுதான். அதன் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது, புண்தான் மிஞ்சும். வலிக்கிறது என்று தாய் சொன்னால், ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று நகர்ந்துவிடாமல், குழந்தையின் வாயோரம் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கரிய பகுதியும் உள்ளே போகும்படி மறுபடி சேர்த்துப் பிடிக்க உதவ வேண்டும்.