ஆறாம் மாதத்தில் லிஸ்பன்: வயிற்றில் பிள்ளையோடு ஊர் சுற்றுவது எப்படி

என் கணவர் போட்ட முதல் பயணத் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஏழு இடம் இருந்தது. ஏழுக்கும் நேரம் குறித்து, வண்ணம் கொடுத்து, பார்க்க அழகான அட்டவணை. "இதில் நான் எங்கே உட்காருவேன்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ட்ராம்ல" என்றார். போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனின் 28-ஆம் எண் ட்ராமில் ஏறியவர்களுக்கு இந்தப் பதிலின் அருமை புரியும். அதில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அன்று ராத்திரியே அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினோம். ஒரு நாளைக்கு ஒரே இடம். அதற்கு எதிரே மூன்று விவரம்: எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, படி எத்தனை. கர்ப்ப காலத்தில் வெளிநாடு போகும் தம்பதிக்கு என்னிடம் இருக்கிற யோசனையில் பாதி இதுதான்.

எப்போது போவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. மசக்கை அடங்கிய பிறகு, வயிறு கனத்துக் கால் வீங்குவதற்கு முன். 14 முதல் 28 வாரம் வரை வசதியான காலம் என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நாங்கள் 22-ஆம் வாரத்தில் கிளம்பியதற்கு இன்னொரு காரணம் உண்டு. 18 வாரத்துக்குப் பிறகு எடுக்கிற பெரிய ஸ்கேன் அதற்குள் முடிந்திருக்கும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா, கருப்பை வாய் போதிய நீளத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்த்து டாக்டர் தலையாட்டிய பிறகுதான் டிக்கெட் எடுத்தோம். முன்னாடியே எடுத்திருந்தால் மலிவாகக் கிடைத்திருக்கும், ஆனால் எடுத்த டிக்கெட்டுக்காகப் போயே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், இதற்கு முன் குறைமாதப் பிரசவம் என்று ஏதாவது இருந்து டாக்டர் வேண்டாம் என்றால், அவரோடு பேரம் பேசாதீர்கள்.

விமான நிறுவனங்களின் விதி ஒன்றுபோல் இருக்காது. பல நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டரின் கடிதம் கேட்கும். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரையும், இரட்டை என்றால் 32 வாரம் வரையும் ஏற்றிக்கொள்ளும். நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் விதியைத் தேடிப் படியுங்கள். வாரக் கணக்கைப் போகிற நாளுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். திரும்புகிற நாளில் எத்தனை வாரம் என்பதுதான் முக்கியம். வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் கவுன்ட்டரில் கேள்வி வரும், அதனால் 22 வாரத்திலேயே ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன்.

இனி காப்பீடு. நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான், அது வீண்போகவில்லை. முதலில் போனில் பேசிய ஒரு முகவர் "கர்ப்பமெல்லாம் கவர் ஆகும் மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பாலிசியை வரவழைத்துப் படித்தால், தாய்க்கு வரும் திடீர்ச் சிக்கலுக்கு மட்டும்தான் பணம் தருவார்களாம். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் அதன் செலவு எங்கள் தலையில். குறைமாதக் குழந்தை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டி வரும், அதுவும் வெளிநாட்டில். அந்த பாலிசியை விட்டுவிட்டோம். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வாரம் வரை செல்லும்? பிறந்த குழந்தைக்கும் உண்டா? டாக்டர் திடீரென்று போகக் கூடாது என்றால் பயணத்தை ரத்து செய்த பணம் வருமா? ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எடுப்பவர்களிடம் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விசாவுக்கு அந்தக் காகிதம் போதும், கர்ப்பிணிக்கு அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் லிஸ்பன் எங்கள் முதல் ஆசை இல்லை. ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போவதாகத்தான் பேச்சு. ஜிகா வைரஸ் அதைக் கலைத்தது. ஏடிஸ் கொசு கடித்துத் தாய்க்கு வருகிற ஜிகா, கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடலுறவின் வழியாகவும் பரவும் என்பதால், கணவர் மட்டும் அப்படிப்பட்ட ஊருக்குப் போய்வந்தாலும் டாக்டரிடம் பேச வேண்டும். மலேரியா உள்ள இடங்களும் வேண்டாம், கர்ப்பிணிக்கு அது கடுமையாக வரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள கிருமியிலிருந்து செய்வது, அதைக் கர்ப்பிணிக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஊசி போட்டால்தான் நுழையலாம் என்கிற நாட்டை இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பையில் என்ன வைப்பது? மெல்லிய ஒரு கோப்பு போதும். ஸ்கேன் அறிக்கை, ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துப் பெயர், டாக்டரின் போன் எண். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைப் பெரிதாக எழுதி வையுங்கள். கீழே விழுந்து வயிற்றில் அடிபட்டாலோ ரத்தப்போக்கு வந்தாலோ, குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். அப்புறம், கணவரின் தலைவலி மாத்திரை டப்பாவைத் தனியாக வையுங்கள். அதில் ஐபுப்ரொஃபென் இருந்தால் உங்களுக்கு ஆகாது.

விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, கழிப்பறைக்குப் பக்கத்தில். பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் போட வேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு எப்போதையும்விட அதிகம். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பறந்தால் அது இன்னும் கூடும். கெண்டைக்காலை அளந்து வாங்கிய அழுத்தக் காலுறை போட்டுக்கொண்டேன், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தேன். தண்ணீர் நிறையக் குடித்தால் எழுந்து நடப்பது தானாக நடக்கும்.

சரி, ஊர். லிஸ்பன் மலை மலையாக எழுந்த ஊர். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருப்பார்கள். காலங்காலமாகப் பலர் நடந்து கல் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. ரோசியோ சதுக்கத்தில் அதே கல்லைக் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு தூறல் போட்டு நின்றது. தரை அலை மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்த நொடியில் இடது கால் வழுக்கியது. கர்ப்பத்தில் மூட்டுகள் தளர்ந்திருக்கும், உடம்பின் கனமும் முன்பக்கம் போய்விட்டிருக்கும். பழைய நிதானத்தை நம்ப முடியாது. இவர் தோளைப் பிடித்தேன், அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று போனதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: நடக்கும்போது பார்ப்பதில்லை, பார்க்க வேண்டுமானால் நிற்பது. செருப்பு வேண்டாம். ரப்பர் அடி உள்ள, கட்டும் ஷூ போடுங்கள், கால் வீங்கும் என்பதால் அரை அளவு பெரியதாக.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பயந்தேன். அல்ஃபாமா பகுதியின் ஏற்றத்தில் நடந்து சாந்தா லூஸியா காட்சி மேடைக்குப் போனோம். நீல ஓவிய ஓடுகள் பதித்த சுவர், கீழே சிவப்பு ஓட்டு வீடுகள், அதற்கப்பால் தேஜு ஆறு. உட்கார்ந்ததும் வயிறு கல் மாதிரி இறுகியது. கொஞ்சம் தளர்ந்து, மறுபடி இறுகியது. "ஏங்க, மணி பாருங்க" என்றேன். அவர் போனில் நேரம் குறிக்க ஆரம்பித்தார். நான் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டு அரை லிட்டர் தண்ணீரை மெதுவாகக் குடித்தேன். ஆறு நிமிஷத்துக்கு ஒன்று, அப்புறம் பதினொன்று, அப்புறம் வரவே இல்லை. பொய்வலி. தண்ணீர் குறைந்தாலும், அதிகம் நடந்தாலும் வரும். ஓய்வெடுத்தும் அடங்காமல் சீராக வந்துகொண்டே இருந்தாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த முதல் நாளே மேட்டர்னிடாத் அல்ஃப்ரெடோ த கோஸ்தா என்ற அரசு மகப்பேறு மருத்துவமனையை வரைபடத்தில் குறித்து வைத்திருந்தோம். 112 என்ற அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும். போகிற ஊர் எதுவானாலும் இந்த இரண்டையும் முதல் நாளே குறித்துவிடுங்கள்.

போர்ச்சுகலில் 2016-இல் வந்த ஒரு சட்டப்படி, கவுன்ட்டரில் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். எனக்கு அது தெரியும், கேட்கக் கூச்சம். ஒரு டிக்கெட் வரிசையில் பின்னால் நின்ற பாட்டி என் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு கூச்சம் போயே போச்சு. ஜப்பானில் 2006 முதல் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பேட்ஜ் இருக்கிறது, லண்டன் ரயில்களுக்கும் ஒன்று உண்டு. வயிறு வெளியே தெரியாத மாதங்களில் அது ரொம்பவே உதவும்.

சாப்பாட்டில் பச்சை மீன், சரியாக வேகாத கறி, வேகவைக்காமல் பதப்படுத்தி மட்டும் வைத்த பன்றித் தொடைக்கறி இவற்றைத் தொடவில்லை. பாலாடைக்கட்டியில்தான் ஏமாந்துவிடுவோம். அங்கே பேர்போன செர்ரா த எஸ்த்ரெலா காய்ச்சாத ஆட்டுப்பாலில் செய்வது; லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும். உறையில் காய்ச்சாத பால் என்பதற்கு அந்த நாட்டு மொழியில் என்ன எழுதியிருப்பார்கள் என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெலேம் பகுதிக்கு 15-ஆம் எண் ட்ராம், ஆற்றோரமாகச் சமதளத்தில் போகும். பெலேம் கோபுரத்தைக் கீழிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே ஒரே குறுகலான சுழல் படி. ஜெரோனிமோஸ் மடத்தின் தேவாலயத்தில் பெஞ்சுகள் வரிசையாக இருக்கின்றன. 1498-இல் கோழிக்கோட்டுக்குக் கப்பலில் வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவர் படுத்திருக்க, நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் இவரைத் தனியே பக்கத்து ஊரான சிந்த்ராவுக்கு அனுப்பினேன். மலைமேல், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களான மூர்கள் கட்டிய கோட்டை, முழுக்கப் படி. அவர் ஆசை தீர ஏறிவிட்டு வந்தார். நான் பகல் பன்னிரண்டு வரை தூங்கினேன். ஒரு நாளைப் பிரித்துக்கொள்வதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். போன் சார்ஜில் இருக்கட்டும், கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

கடைசி நாள் ஓசியனாரியோ. 1998 கண்காட்சிக்காகக் கட்டிய மீன் காட்சியகம், தரை சமமாக இருக்கும். நடுவே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்ட ஒரே தொட்டி. அதன் முன்னால் இருட்டில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சூரியமீன் வட்டமாக வந்து வந்து போனது. ஒரு மணி நேரம் கழித்து எழுந்துகொள்ள இரண்டு கைகளும் தேவைப்பட்டன, இரண்டும் இவருடையவை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கெண்டைக்காலில் வலி, வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.