எச்.ஐ.வி. உள்ளவரின் மூளை, நரம்பு மாற்றங்களைக் கூட இருப்பவர் கவனிப்பது எப்படி

அண்ணன் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்குத் தெரியாது. ராத்திரியானால் போர்வை பட்டாலே பாதம் எரிகிறது என்பார். பாத நரம்புகளை எச்.ஐ.வி. பாதித்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றுதான் ஒரு நோட்டு வாங்கினேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

தேதி போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'மறதி அதிகம்' என்றால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. 'சட்டைப் பொத்தான் போட இருபது நிமிடம்' என்றால் புரியும்.

தொற்றிய சில வாரங்களிலேயே வைரஸ் மூளைக்குப் போய்விடுகிறது. நரம்பு செல்களுக்குள் அது நுழைவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள நோய் எதிர்ப்பு செல்களில் தங்குகிறது. அங்கே மூளும் அழற்சிதான் நரம்பு செல்களைக் கெடுக்கிறது. அதனால் மறதியோடு மந்தமும் வரும்: பேச்சு இழுக்கும், நடை தடுமாறும், எதிலும் ஆர்வம் இருக்காது. இது தெரியாமல் அண்ணனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். இன்னும் மனசு வலிக்கிறது. மனச்சோர்வும் வைட்டமின் பி12 குறைபாடும் இப்படியே தோன்றலாம், அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை நான்கு சொற்கள் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டித் தட்டி விரிக்கச் சொல்லுங்கள். மருத்துவர்களும் இப்படிச் செய்து பார்ப்பதுண்டு. போன மாதத்தைவிட மந்தமானால் குறித்துவையுங்கள்.

ரத்தத்தில் நோய் எதிர்ப்பு செல்களைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் கூடுதல் கவனம் வேண்டும். 100-க்கும் கீழே என்றால் டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் கிருமிகள் மூளையைத் தாக்கும் அபாயம் அதிகம். விடாத தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், திடீர்க் குழப்பம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கழுத்து விறைக்கவில்லையே என்று நான் இரண்டு நாள் காத்திருந்தேன். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைக்காமலும் இருக்கலாமாம்.

மூளையைக் காப்பதில் முதல் மருந்து எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைதான். அதில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சிலருக்குக் கெட்ட கனவு, தலைசுற்றல் தரும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தரச் சொல்லுங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவருக்கும் கால் மரத்துப்போகலாம், கூடவே வைட்டமின் பி6 தருகிறார்களா என்று கேளுங்கள்.

மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அண்ணன் குளிக்கும் வெந்நீரில் முதலில் என் கையை வைத்துப் பார்க்கிறேன். தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறேன். அன்றைய மாத்திரை மிச்சமிருந்தால் அதையும் நோட்டில் எழுதுகிறேன்.