ஃப்ரெடி மெர்குரியைக் கேட்க ஒரு வழி

என்னிடம் பாட்டுக் கற்க வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை கேட்டுவிடுவார்: "குயீன் குழுவை எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்?" 16 வருடம் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடியவன் நான். ஒரு திருவிழா மேடையில், தொண்டை கட்டியிருந்தும் மேல் ஸ்தாயியை விடாமல் பிடித்துப் பாடினேன். அப்புறம் 3 வாரம் பேச்சே வரவில்லை. அந்த 3 வாரத்தில்தான், குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதன்மைப் பாடகர் ஃப்ரெடி மெர்குரியை முழுதாகக் கேட்டேன். ஆண்டு வரிசைப்படி கேட்கவில்லை. ஒரு குரல் எப்படி வளர்ந்தது, எதைச் சுமந்தது என்று தேடித் தேடிக் கேட்டேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் பாட்டாக 'போஹீமியன் ராப்சடி' வேண்டாம். அதன் பிரம்மாண்டத்தில் குரலைக் கவனிக்க மறந்துவிடுவோம். 1976ல் வந்த 'சம்படி டு லவ்' பாட்டில் தொடங்குங்கள். ஃபோன் ஸ்பீக்கர் போதாது, ஹெட்ஃபோன் வேண்டும். முதல் தடவை முன்னால் பாடும் குரலை மட்டும் பின்தொடருங்கள். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எங்கே எடுக்காமலே அடுத்த வரிக்குத் தாவுகிறார் என்று விரலால் தட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கோரஸ். ஒரு தேவாலயமே எழுந்து நின்று பாடுவதுபோல் இருக்கும். பாடியவர்கள் 3 பேர்தான்: ஃப்ரெடி, கிட்டார் வாசித்த பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர். தங்கள் குரலையே திரும்பத் திரும்ப அடுக்கிப் பதிந்து அந்தக் கூட்டத்தை உண்டாக்கினார்கள். அமெரிக்கப் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் மேல் ஃப்ரெடிக்கு இருந்த பக்தி இந்தப் பாட்டு முழுக்கத் தெரியும். மூன்றாம் தடவை பியானோவைக் கேளுங்கள். அதை வாசித்தவரும் அவர்தான்.

பியானோ எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்போது வாழ்க்கைக் கதைக்குள் போங்கள், அதற்கு முன் வேண்டாம். 1946 செப்டம்பர் 5 அன்று, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள சான்சிபார் தீவில், பார்சி குடும்பத்தில் பிறந்தார். பெயர் ஃபரூக் புல்சாரா. 8 வயதில் அவரைக் கப்பலேற்றி, மகாராஷ்டிர மலையூரான பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஃப்ரெடி என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக் குழுவில் பியானோ வாசித்தார். வீட்டைவிட்டு இத்தனை தூரத்தில் வளர்ந்த ஒரு சிறுவன், யாரோ தன்னை நேசிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பாடும்போது எனக்கு அந்த மலையூர்தான் ஞாபகம் வரும்.

1964ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் லண்டனுக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஈலிங் கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் படித்தார். கென்சிங்டன் சந்தையில் டெய்லரோடு சேர்ந்து பழைய துணிக்கடை நடத்தினார். 1970ல் குயீன் உருவானது. 1971ல் பேஸ் கிட்டாருக்கு ஜான் டீக்கன் வந்தார். குழுவின் சின்னத்தை வரைந்தவரும் ஃப்ரெடிதான். நான்கு பேரின் ராசிகளை அதில் வைத்தார்: 2 சிங்கம், 1 நண்டு, கன்னி ராசிக்கு 2 தேவதைகள்.

இந்த இடத்தில் அதிகம் பேர் கேட்காத ஒன்றைத் தேடிக் கேளுங்கள். குயீனின் முதல் ஆல்பம் 1973ல் வருவதற்குச் சற்று முன், 'லாரி லூரெக்ஸ்' என்ற பெயரில் ஓர் இசைத்தட்டு வந்தது. அதில் 'கோயிங் பேக்' என்ற பாட்டைப் பாடியிருப்பது ஃப்ரெடி. குரலில் இன்னும் கரகரப்பு ஏறவில்லை, தெளிந்த தண்ணீர்போல் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சரி, இப்போது 'போஹீமியன் ராப்சடி'க்கு வரலாம். 1975 ஆகஸ்டில் வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் பதிவைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 6 நிமிடம் ஓடும் பாட்டு. பல்லவி என்று திரும்பி வரும் வரியே கிடையாது. நடுவில் வரும் ஓபரா (மேற்கத்திய இசை நாடகப் பாணி) பகுதியை மட்டும் நாலைந்து முறை தனியாகக் கேளுங்கள். உச்சத்தில் டெய்லர், நடுவில் ஃப்ரெடி, அடியில் மே. அந்த மூன்று குரல்களையும் 24 ட்ராக் நாடாவில் மேலே மேலே பதிந்துகொண்டே போனதில் நாடாவே தேய்ந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். இவ்வளவு நீளப் பாட்டை யார் ஒலிபரப்புவார்கள் என்று பலர் தயங்கினார்கள். கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் திரும்பத் திரும்பப் போட்டார். பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது.

அடுத்தது, பாடுகிறவர்கள் தவறவிடக்கூடாத பயிற்சி. ஒரே பாட்டின் ஆல்பம் பதிவையும் மேடைப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'வி ஆர் த சாம்பியன்ஸ்' இதற்கு நல்ல பாட்டு. பல கச்சேரிகளில் அவர் உச்ச ஸ்வரங்களைத் தொடாமல் மெட்டைக் கீழே வளைத்துப் பாடுவார், மேலே டெய்லர் பார்த்துக்கொள்வார். ஃப்ரெடியின் குரல்நாணில் முடிச்சுகள் இருந்தன. அறுவை சிகிச்சை குரலையே மாற்றிவிடும் என்று பயந்து செய்துகொள்ளவில்லை. 2016ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பேட்டிகளில் பேச்சுக் குரலை அளந்து பார்த்து, இயல்பில் அவர் பாரிடோன் (ஆண் குரலில் நடு எல்லை) வகையாக இருந்திருக்கலாம் என்றார்கள். அப்படியானால் அதற்கு மேலுள்ள டெனர் எல்லையில் அவர் செய்ததெல்லாம் உழைத்துச் செய்தது. இதைப் படித்தபோது என் திருவிழா மேடை நினைவுக்கு வந்தது. மெட்டைக் கீழே இறக்குவது தோல்வி என்று அன்று நினைத்திருந்தேன். 3 மாதச் சுற்றுப்பயணத்தை முடிக்க வேண்டிய பாடகனுக்கு அது கணக்கு. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இதுவரை கேட்டது போதும், இப்போது பாருங்கள். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய 'லைவ் எய்ட்' கச்சேரி. சாயங்காலம் 6:41க்கு குயீன் குழுவினர் மேடை ஏறுகிறார்கள். கையில் இருப்பது 20 நிமிடம் சொச்சம், எதிரே 72,000 பேர். அதற்காக லண்டன் ஷா தியேட்டரில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஃப்ரெடி கையில் பாதி மைக் ஸ்டாண்ட்தான் இருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு மேடையில் ஸ்டாண்ட் உடைந்துபோக, அந்தப் பாதியே பிடித்துப்போய்விட்டது. நடுவில் வாத்தியங்கள் நின்றுவிடும், அவர் "ஏ...ஓ" என்று ஒரு சின்ன வளைவைப் பாடுவார், மைதானம் திருப்பிப் பாடும். இதை உட்கார்ந்து பார்க்காதீர்கள். எழுந்து நின்று நீங்களும் பதில் பாடுங்கள். கடைசி நீண்ட கார்வையில் உங்கள் மூச்சு தீர்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருப்பார். எந்த ஆசிரியரும் வாயால் விளக்க முடியாத பாடம் அது.

ஃப்ரெடியின் கதையைச் சொல்லும், 2018ல் வந்த 'போஹீமியன் ராப்சடி' திரைப்படத்தை இதற்குப் பிறகே பாருங்கள். லைவ் எய்டுக்கு முன்பே அவருக்கு நோய் தெரியும் என்று படம் காட்டுகிறது. உண்மையில் எய்ட்ஸ் உறுதியானது 1987ல். குழு பிரிந்து கிடந்ததாகவும் காட்டுகிறது. ஆனால் 1985 மே வரை அவர்கள் சேர்ந்தே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஃப்ரெடியோடு குயீன் நடத்திய கடைசிக் கச்சேரி 1986 ஆகஸ்ட் 9, நெப்வொர்த். அதன்பின் ஓபரா பாடகி மோன்செராட் கபாயேவோடு 'பார்சிலோனா' பாடினார். அதைத் தனியாக ஒரு நாள் கேளுங்கள், இரண்டு மேதைகள் ஒருவரையொருவர் ரசிப்பது காதில் விழும்.

கடைசி நாட்களின் பாட்டுகளை இரவில், தடங்கல் இல்லாத நேரத்தில் கேளுங்கள். 1991 பிப்ரவரியில் வந்த 'இன்யுவெண்டோ' ஆல்பத்தில் 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' கடைசிப் பாட்டு. உடல் அவ்வளவு நலிந்திருக்கும்போது இதைப் பாட முடியுமா என்று பிரையன் மேயே சந்தேகப்பட்டார். முடிந்தது. 1991 மே மாதம் சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ ஸ்டூடியோவில் 'மதர் லவ்' பதிவு நடந்தது. நவம்பர் 23 அன்று நோயை அறிவித்தார். மறுநாள், 45 வயதில், கென்சிங்டன் வீட்டில் இறந்தார்.

'மதர் லவ்' 1995ல்தான் வெளிவந்தது. கடைசிச் சரணத்தில் குரல் மாறுவதைக் கவனியுங்கள். இன்னொரு நாள் வந்து முடிக்கிறேன் என்று போன ஃப்ரெடி வரவில்லை, அந்த வரிகளை மே பாடினார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். வெம்ப்ளி கூட்டத்தின் பதில் குரல் வரும், சத்தங்கள் வேகமாகச் சுழன்று ஓடும், அப்புறம் 'கோயிங் பேக்' பாட்டிலிருந்து ஒரு துண்டு: கரகரப்பு ஏறாத அந்த இளம் குரல். அதன்பின் ஒரு குழந்தை அழும்.