கழிவுதானே என்று செம்மறிக்குப் போடும் முன்

கடைத் தீவன மூட்டையின் விலை ஏற ஏற, மரவள்ளித் தழை, கிழங்கில் மாவு பிழிந்த சக்கையான திப்பி, கடலைக்கொடி, தவிடு, உளுந்தம்பொட்டு என்று கையில் கிடைப்பதையெல்லாம் செம்மறிக்குப் போட்டுப் பார்க்கிறோம். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் மேச்சேரி இனச் செம்மறி வளர்ப்பவர்களுக்கு இது புதிதும் அல்ல. செய்ய வேண்டியதுதான். தீவனச் செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதனால் ஆடு செத்த இடங்களில் விசாரித்தால், போட்ட பொருள்மீது பழி இருக்காது. பச்சையாகப் போட்டார்களா, காயவைத்தார்களா, எவ்வளவு போட்டார்கள், ஆடு பட்டினியாக வந்ததா என்பதில்தான் கோளாறு இருக்கும்.

மரவள்ளியில் அவசரம்

தழை, கிழங்குத் தோல், திப்பி மூன்றையும் ஒரே கணக்கில் வைப்பது முதல் தவறு. தழையிலும் தோலிலும் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. ஆடு மென்று இலை நசுங்கும்போது அது விஷமாக வெளியே வருகிறது. கொழுந்திலும், தண்ணீர் இல்லாமல் வாடி நின்ற செடியிலும் அளவு கூடுதல். கிழங்கு பிடுங்கும் நாளில் வெட்டிய தழை வரப்போரம் குவிந்து கிடக்கும். விடிந்ததும் பட்டியிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிற ஆடு அதில் வாய் வைத்தால், கால் மணி, அரை மணி நேரத்தில் மூச்சு இரைக்கும், நுரை தள்ளும், தள்ளாடி விழும். ஈறு நல்ல சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்து ‘ரத்தத்துக்கு ஒன்றும் குறைவில்லை’ என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை உடம்பு பயன்படுத்த முடியாமல் போவதால்தான் அந்தச் சிவப்பு. சோடியம் தயோசல்பேட் ஊசி காப்பாற்றும், ஆனால் மருத்துவர் வந்து சேரும்வரை ஆடு தாங்க வேண்டுமே.

இதற்குப் பயந்து தழையை எரிக்க வேண்டியதில்லை. நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கையில் எடுத்தால் நொறுங்குகிற அளவுக்குக் காயவையுங்கள். விஷத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். குவித்து வைத்தால் மேலே சருகாகவும் உள்ளே பச்சையாகவும் இருக்கும். ‘வாடிவிட்டது, போதும்’ என்று போடுவது இந்தக் குவியலைத்தான். சரியாகக் காய்ந்த தழையில் ஏறக்குறைய 20 சதவீதம் புரதம் இருக்கிறது. அதைக் குப்பையில் தள்ளுவதும் ஒரு தவறுதான்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவு பிழிந்த பிறகு மிஞ்சும் திப்பியின் பிரச்சினை வேறு. அதில் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் இரண்டு மூன்று சதவீதம் தேறினால் அதிகம். மூட்டை விலையை மட்டும் பார்த்து, புண்ணாக்கை நிறுத்திவிட்டுத் திப்பியைக் கொட்டினால் குட்டிகளுக்கு வயிறு பானையாகும், முதுகெலும்பு கையில் தட்டும். திப்பியோடு கடலைப் புண்ணாக்கோ பொட்டோ காய்ந்த மரவள்ளித் தழையோ சேர வேண்டும். ஈரத் திப்பியை இரண்டு நாள் சாக்கிலேயே வைத்து, புளித்த பிறகு போடவும் வேண்டாம்.

சோளத்துக்கும் இதே விஷம்தான். வறட்சிக்குப் பிறகு பெய்த மழையில் அறுத்த கட்டையிலிருந்து தளிர்க்கும் மறுதாம்பும், முழங்கால் உயரப் பயிரும் ஆபத்து. பூவெடுத்த பின் அறுத்துக் காய்ந்த தட்டைக்குப் பயப்பட வேண்டாம்.

அறுவடை முடிந்த வயல்

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஒடித்த காட்டிலும், நெல் அறுத்த வயலிலும் கிடை போடுவது எல்லோருக்கும் லாபம். வயல்காரருக்கு எரு, ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல். இயந்திரம் அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் மணியைத்தான் கவனிக்க வேண்டும். செம்மறி முதலில் அதைத்தான் பொறுக்கும். மாவுச்சத்து ஒரேயடியாகப் பெருவயிற்றில் இறங்கினால் அங்கே அமிலம் பெருகி, அசை போடுவது நின்று, அடுத்த நாள் ஆடு புளித்த நாற்றத்தோடு கழியும், தலை தொங்கும். கல்யாண வீட்டில் மீந்த சோறும், ரேஷன் அரிசியும் இதையே செய்யும். அதோடு, குடலில் ஏற்கெனவே இருக்கிற கிருமி இந்த மாவில் பெருகி, துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வருவதும் உண்டு. கொழுத்த நல்ல குட்டிதான் முதலில் போகும். முதல் சில நாள் வைக்கோலோ தட்டையோ தின்ற பிறகு, குறைந்த நேரம் மட்டும் வயலில் விடுங்கள். துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தவிடும் கிடாவும்

பக்ரீத்துக்குக் கிடா தேற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிறது; சுண்ணாம்புச் சத்து அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தீவனத்தில் சுண்ணாம்பு இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருக்க வேண்டியது தலைகீழாகிறது. விளைவு, சிறுநீரில் கல். பெட்டைக்கு அது வெளியே போய்விடும். கிடாவுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம், வளைவு, நுனியில் புழு மாதிரி மெல்லிய ஒரு முனை; அங்கேதான் அடைக்கும். சின்ன வயதிலேயே காயடித்த கிடாவுக்கு இன்னும் சீக்கிரம்.

கிடா காலை அகட்டி, முதுகை வளைத்து முக்கும். வால் துடிக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வராது. துவாரத்தை ஒட்டிய முடியில் மணல் போல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு நாளைக் கடத்தினால், சிறுநீர்ப்பை வெடிக்கிற நிலைக்குப் போய்விடும். தவிட்டை அடர்தீவனத்தில் ஒரு பகுதியாக மட்டும் வையுங்கள், சுண்ணாம்புக்கல் தூளும் கொஞ்சம் உப்பும் சேருங்கள், தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பழைய தவிட்டில் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். ஆடு முகர்ந்துவிட்டு ஒதுங்கினால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

கடலைக்கொடி, வைக்கோல்

புரட்டாசி, ஐப்பசி மழையில் பிடுங்கிய கடலைக்கொடியை ஈரத்தோடு போர் போட்டால் பூஞ்சை நிச்சயம். ‘மாட்டுக்கு வேண்டாம், ஆட்டுக்குப் போட்டுவிடலாம்’ என்பது பூஞ்சை நஞ்சுக்கு விளங்காத நியாயம். சினை ஆடும் குட்டியும் தாங்காது. மாறாக, மொட்டை வெயிலில் அளவுக்கு மீறிக் காயவிட்டு உதறினால் இலை முழுதும் களத்திலேயே கொட்டிவிடும். சத்து இலையில்தான். வெயில் ஏறும் முன் கட்டி எடுங்கள், வேர் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள்.

நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். யூரியா ஊட்டுவதென்றால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி, போடும் முன் ஆற வைக்க வேண்டும். கைப்பிடி யூரியாவைத் தூவி அன்றைக்கே போடுவது ஊட்டம் இல்லை, விஷம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

செம்மறிக்கு ஆகாத தாமிரம்

வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. நாமக்கல்லில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மீந்த கோழித்தீவனத்தைப் போடுவது, மாட்டுக்கான தாது உப்பையே ஆட்டுக்கும் தருவது, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த பூஞ்சைமருந்து) அடித்த திராட்சைத் தழையைத் தின்ன விடுவது எல்லாம் தாமிரத்தை ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுஞ்சிவப்பாகும். செம்மறிக்கென்று தனியாக வரும் தாது உப்பையே வாங்குங்கள்.

பூச்சிமருந்து அடித்த பருத்திக் காடு, காலிஃப்ளவர் தழை பற்றிச் சொல்லத் தேவையில்லை; மருந்து அடித்த தேதியைக் காட்டுக்காரரிடம் கேட்காமல் ஆட்டை விடாதீர்கள். எருவுக்கு வாங்கிய ஆமணக்குப் புண்ணாக்கு ஆட்டுக்கு விஷம்; அதைத் தீவன அறையிலேயே வைக்காதீர்கள்.

எதைப் புதிதாகத் தொடங்கினாலும் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நாளில் முழு அளவுக்குக் கொண்டு போங்கள். பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் மாறுவதற்கு அந்த அவகாசம் தேவை. அப்புறமும் ஏதாவது ஆடு விழுந்தால், தொட்டியைக் கழுவிவிடாதீர்கள். தின்றதில் ஒரு பிடியைப் பையில் எடுத்து வைத்து, எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்துவிட்டாலும் உடனே புதைக்காமல், அவர் வந்து அறுத்துப் பார்க்கட்டும். மிச்சம் இருக்கிற ஆடுகளுக்கு என்ன செய்வது என்று அப்போதுதான் தெரியும்.