படகு ட்ரெயிலர் பெயாரிங்கில் உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க

நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் ட்ரெயிலரில் படகு இறக்குகிறவர்கள் கவனிக்க: ஓடிவந்த சூட்டோடு சில்லைக் கடலுக்குள் விடாதீர்கள். சூடான ஹப் (சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கும் குடம்) தண்ணீர் பட்டதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, ஒயில் சீல் (கிரீஸ் வெளியேறாமல் மூடும் ரப்பர் வளையம்) வழியாக உப்புத்தண்ணீரை உறிஞ்சிவிடும். ஹப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறும்வரை பொறுங்கள்.

ஹப்பைக் கழற்றும்போது உள்ளேயுள்ள கிரீஸ் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு பெயாரிங்கின் உருளைகளைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக அரித்திருந்தாலோ நீலம் பாரித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பெயாரிங்கில் பொறித்த இலக்கத்தைக் கடையில் காட்டி வாங்குங்கள். ஹப்புக்குள் இருக்கும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த வளையத்தில் ஓடினால் புதிய பெயாரிங்கும் கெதியாகத் தேயும். சீலும் ஸ்பிளிட் பின்னும் (நட்டு கழராமல் பூட்டும் கம்பி ஊசி) ஒவ்வொரு முறையும் புதிது.

மரைன் கிரீஸை (தண்ணீரைத் தாங்கும் கிரீஸ்) உள்ளங்கையில் வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். பழைய கிரீஸோடு கலக்க வேண்டாம். சில்லைச் சுற்றிக்கொண்டே அச்சு முனையிலுள்ள நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருப்பி நிறுத்தி ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள். கூடுதலாக இறுக்கினால் பெயாரிங் சூடேறிக் கருகும். 10 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதைத் திரும்பவும் கழற்றுங்கள்.